காட் என்றால் கட்டில், அப்போ க்ரிப்?

கோவைப் பாட்டி:
மகளுக்கு நியூஜெர்சியில் அடுத்த மாதம் பிரசவம். பேத்தியோ பேரனோ, விரிப்பு நான் தைத்த மல்துணியாகத்தான் இருக்கணும் என்று அளவு கேட்டேன். "க்ரிப் ஷீட் இங்கே கடையிலேயே கிடைக்கும், விடும்மா" என்றாள். விடுவேனா? லண்டனில் இருக்கிற தங்கை மகளைக் கேட்டேன். "காட் ஷீட்தானே பெரியம்மா, 60க்கு 120 சென்டிமீட்டர்" என்றாள். இரண்டு தைத்தும் முடித்தாயிற்று. இப்போது மகள் சொல்கிறாள், காட் வேறயாம், க்ரிப் வேறயாம். எனக்குத் தெரிந்த காட் என் கல்யாணச் சீரில் வந்த தேக்கு டபுள் காட்தான், அதில் நாலு பேர் படுக்கலாம். யார் சொல்வது சரி?

ஜெர்சி அப்பா:
அம்மா, மூணு பேரும் சரி, ஊர்தான் வேற. அமெரிக்காவில் காட் என்றால் மடக்குக் கட்டில். நான் பட்டுத் தெரிந்துகொண்டேன்: எட்டு மாதக் குழந்தைக்கு காட் வேணும் என்று ஒரு ஹோட்டலில் சொல்லிவைத்தேன். ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு பையன் சக்கரக் கட்டிலைத் தள்ளிக்கொண்டு வந்து நிற்கிறான். அதில் நான் படுத்தேன், குழந்தை அவள் அம்மாவோடு.
நாலு பக்கமும் அழி அடைத்த குழந்தைக் கட்டில்தான் இங்கே க்ரிப். உள்ளளவு 28 அங்குலம், நீளம் 52க்குக் கொஞ்சம் மேல். சென்டிமீட்டரில் 71க்கு 133. நீங்கள் தைத்தது பத்தாது. இன்னொன்று, பக்கத்தை இறக்கி ஏற்றுகிற பழைய க்ரிப்பை யாராவது சும்மா கொடுத்தாலும் வேண்டாம். 2011 ஜூனிலிருந்து இங்கே அதை விற்கவே தடை.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
இங்கிலாந்தில் அந்த அழிக்கட்டிலுக்குத்தான் காட் என்று பெயர். அங்கே க்ரிப் என்றால் கிறிஸ்துமஸ் குடிலும்கூட; அந்தச் சொல்லின் பழைய பொருளே மாட்டுக்குத் தீவனம் வைக்கும் தொட்டி. தொட்டிலுக்கு ஆங்கிலத்தில் வேறு சொல் இருக்கிறது, க்ரேடில்.
காட் நம் பக்கத்துச் சரக்கு. 17ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த வெள்ளைக்காரன் இந்தி 'காட்'டை எடுத்துப்போனான். அதற்கு மூலமான வடசொல்லே திராவிடத்திலிருந்து போனது என்று நம் 'கட்டில்' சொல்லோடு சேர்த்துக் காட்டுகிற ஆங்கில அகராதி உண்டு. மோசிகீரனார் அசந்து தூங்க, சேரன் விசிறிவிட்டானே முரசுகட்டில், அதே கட்டில்.

கோவைப் பாட்டி:
வாத்தியாரய்யா, வெள்ளைக்காரன் எடுத்துப்போனதை அளவோடு எடுத்துப்போயிருக்கலாம். தைத்த இரண்டையும் கிழித்து அணையாடை ஆக்கிவிடுகிறேன். ஜெர்சித் தம்பி, மெத்தை எவ்வளவு கனம்? சுற்றி மடித்துச் செருகணுமே.

ஜெர்சி அப்பா:
ஆறு அங்குலத்துக்கு மேல் இருக்காதும்மா. செருகுவது வேண்டாம், உருவிக்கொண்டு குழந்தை முகத்தில் விழும். சுற்றிலும் எலாஸ்டிக் வைத்து, இழுத்துப் பிடிக்கிற மாதிரி தையுங்கள்.