ஆகஸ்ட் லீவுக்கு இலங்கை மலையகத்தில் கோச்சியில் (ரயிலில்) விஞ்ஞானச் சுற்றுலா: எங்கே போகலாம், என்ன செய்து பார்க்கலாம்?

கம்பளைக்காரன்:
ஆகஸ்ட் லீவில மூணு நாள் இருக்கு. மகள் தரம் 9, மகன் தரம் 6. வாகனம் இல்ல, கோச்சியும் பஸ்சும்தான். நீர்வீழ்ச்சி முன்னால நின்னு படம் எடுத்துட்டு வர்றது வேணாம். பிள்ளைகளே அளந்து, செஞ்சு பார்க்கிற மாதிரி ஏதாவது சொல்லுங்க. ஹோட்டன் சமவெளியா, தேயிலை பெக்டரியான்னு வீட்டில இன்னும் முடிவாகல. என்ன சாமான் எடுத்துட்டுப் போகணும்?

ஊவாப்பக்கம்:
எந்தப் பக்கம் மழை பெய்யுதுன்னு பார்த்துட்டு அப்புறம் இடத்தை முடிவு பண்ணுங்க அண்ணே. ஆகஸ்ட்ல தென்மேல் பருவக்காற்று ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் ஏறி, குளிர்ந்து, மழையைக் கொட்டிட்டு, முகட்டைத் தாண்டி ஊவாவுக்குள்ள இறங்கும்போது காய்ந்த கச்சான் காற்றாயிடும். ஊவாத் தேயிலைக்கு வாசனை கூடுற காலமும் இதுதான். டிசம்பர்ல போனா தலைகீழ்: பதுளைப் பக்கம் மழை.

இதுவே உங்க முதல் பாடம். ஹட்டன், நானுஓயா, பட்டிப்பொல, ஹப்புத்தளை, பதுளை, அஞ்சு இடத்திலயும் நிழல்ல வெப்பநிலை எடுத்து, மேகம், காற்று, மழை எப்படின்னு பக்கத்தில எழுதச் சொல்லுங்க. பட்டிப்பொலவுக்கும் ஒஹியாவுக்கும் நடுவில முகட்டுச் சுரங்கம் வரும். பல நாள்ல ஒரு வாயில்ல மூடுபனி, மறு வாயில்ல வெயில். பொதுவா 1000 மீட்டர் ஏறினா 6 பாகை அளவுக்குக் குளிரும், ஆனா உங்க கணக்கு அப்படியே வராது. மேகத்துக்குள்ள ஏறுற காற்று மெதுவாத்தான் குளிரும், காய்ந்து இறங்குற காற்று வேகமாச் சூடாகும். மகள் கிராப் போட்டா ரெண்டு பக்கத்துச் சரிவும் வேற வேறயா இருக்கும்.

தெமோதரையைத் தூங்கி விட்டுறாதீங்க. ஸ்டேசனை விட்டு வளைஞ்சு இறங்குற பாதை, அதே ஸ்டேசனுக்கு அடியில சுரங்கமாப் போகுது. திசைகாட்டி இரும்புப் பெட்டிக்குள்ள பொய் சொல்லும். ஜன்னல் நிழல் எந்தப் பக்கம் நகருதுன்னு பார்த்தாலே சுற்றுறது புரியும்.

மண்சரிவால பாதை அடைபட்டிருக்கலாம், கோச்சி எதுவரைக்கும் ஓடுதுன்னு ஸ்டேசன்ல கேட்டுட்டு ஏறுங்க.

அமுக்கமானி:
மேலே சொன்னதோட ரெண்டு அளவீடு சேர்த்துக்குங்க. ரெண்டுக்கும் செலவு பெரிசா இல்ல.

ஒண்ணு, போத்தல். ஒரு லீட்டர் பிளாஸ்டிக் தண்ணிப் போத்தலை உள்ள ஈரமில்லாமக் காய வைங்க. பட்டிப்பொலவில, கிட்டத்தட்ட 1890 மீட்டர் உயரத்தில, நசுங்காம மூடியை இறுக்குங்க. பதுளைக்கு வரும்போது (680 மீட்டர் அளவு) பக்கங்கள் உள்ள வாங்கியிருக்கும். அங்க ஒரு வாளித் தண்ணியில போத்தலைக் கவிழ்த்து, வாயைத் தண்ணிக்குள்ள வெச்சபடியே மூடியைத் திறந்தா தண்ணி உள்ள ஏறும். போத்தலை உருட்டிப் பழைய உருவுக்குக் கொண்டுவந்து, வாளித் தண்ணி மட்டத்துக்கும் போத்தலுக்குள்ள இருக்கிற மட்டத்துக்கும் வித்தியாசமில்லாமப் பிடிச்சு, உள்ளயே வெச்சு மூடுங்க. அப்புறம் வெளிய எடுத்து ஊசியில்லாத சிரிஞ்சாலயோ அளவுக் கோப்பையாலயோ அளந்து பாருங்க. 100 முதல் 130 மில்லிலீட்டர் வரும். அமுக்க வித்தியாசத்தை மட்டும் பார்த்தா 130 பக்கம் வரணும். குறையுறதுக்குக் காரணம், மேல குளிர்ல அடைச்ச காற்று கீழே சூடாகி விரியறது. தரம் 9க்கு இந்தக் குறைவைக் கணக்குப் போட விடுங்க, பொயில் விதியும் (அமுக்கம் கூடினா காற்று சுருங்கும்) சாள்ஸ் விதியும் (சூடேறினா விரியும்) ஒரே போத்தல்ல வந்துரும். மூடி கசிஞ்சா எல்லாம் வீண், முதல் நாளே தண்ணிக்குள்ள அமுக்கிக் குமிழி வருதான்னு பாருங்க.

ரெண்டு, கொதிநிலை. கம்பளையில சுமார் 98.4 பாகை, நுவரெலியாவில சுமார் 94. 110 வரைக்கும் காட்டுற ஆய்வுகூட வெப்பமானி வேணும். காய்ச்சல் பார்க்கிற கண்ணாடி வெப்பமானியை விட்டா உடைஞ்சுரும். தானா நிக்கிற கேத்தல் வேணாம், நீங்க வாசிக்கிறதுக்குள்ள அணைஞ்சுரும். தங்குற இடத்துக் குசினியில ஒரு சட்டி கேளுங்க. வெப்பமானிக் குமிழ் சட்டியோட அடியைத் தொட்டா அளவு கூடும், உப்புப் போட்டாலும் கூடும். ரெண்டு ஊரிலயும் ஒரே வெப்பமானிதான், வீட்டிலயே ஒரு தடவை அளந்துட்டுப் புறப்படுங்க. உங்க வெப்பமானி ஒரு பாகை தப்பாக் காட்டினாலும் வித்தியாசம் சரியா வரும். சூடான தண்ணியைப் பெரியவங்கதான் தூக்கணும்.

போன்ல வானிலை ஆப் காட்டுற அமுக்கத்தை நம்பாதீங்க. அது கடல் மட்டத்துக்குத் திருத்தின எண், நுவரெலியாவிலயும் 1010 ஹெக்டோபாஸ்கல் அளவுதான் காட்டும். அங்க உள்ள உண்மையான அமுக்கம் 810 பக்கம்.

கொழுந்துக்கூடை:
பெக்டரிக்கே என் வோட்டு. லபுக்கலை, பீட்ரூ ரெண்டும் நுவரெலியாவிலயிருந்து பஸ்ல போற தூரம், ஆள் கூட வந்து சுற்றிக் காட்டுவாங்க. ஹப்புத்தளைப் பக்கம்னா தம்பேதன்னை. காலையில போங்க. முதல் நாள் கொழுந்து ராத்திரி முழுக்க வாடி, விடியத்தான் ரோலருக்கு வரும். ஞாயிறோ போயாவோ (பௌர்ணமி லீவு) கொழுந்து எடுக்கலன்னா மறுநாள் காலையில மெஷின் நிக்கிறதைத்தான் பார்ப்பீங்க. முன்னாடியே போன் பண்ணிக் கேளுங்க.

ஆனா பார்த்தது மட்டும் போதாது. 200 கிராம் கொழுந்து, ரெண்டு இலை ஒரு மொட்டு, மலைக்குப் பொறுப்பானவங்க கிட்ட கேட்டு வாங்குங்க. மருந்து எப்போ அடிச்சாங்கன்னும் கேளுங்க. தெரியாத கொழுந்துன்னா பரிசோதனையோட நிறுத்திக்குங்க, குடிக்க வேணாம்.

நூறு நூறாப் பிரிங்க. முதல் பங்கை அப்பவே இடியப்பத் தட்டில 2 நிமிசம் ஆவி காட்டுங்க. மற்றதை ராத்திரி முழுக்கத் துணியில மெல்லிசாப் பரப்புங்க. காலையில காம்பை வளைச்சா முறியாம மடங்கணும், நிறை சுமார் 55 கிராம். இப்ப ரெண்டையும் தனித்தனியா 20 நிமிசம் உள்ளங்கையில கசக்கிச் சுருட்டுங்க, சாறு ஒட்டணும். 2 சென்ரிமீற்றர் கனத்தில பரப்பி ஈரத்துணி போட்டு ரெண்டு மணித்தியாலம் விடுங்க. வாடினது செம்பு நிறமாகி, பச்சை வாசம் போய்ப் பழ வாசம் வரும். ஆவி காட்டினது பச்சையாவே கிடக்கும், ஏன்னா நிறத்தை மாற்றுற நொதியம் சூட்டில செத்துப்போச்சு. "தேயிலை புளிக்கவைக்கிறது"ன்னு சொல்றதில கிருமிக்கு வேலை இல்ல, ஒட்சிசன்தான் வேலை செய்யுதுங்கிறதை இதைவிடத் தெளிவாக் காட்ட முடியாது.

கனமாக் குவிச்சா நடுவில சூடேறிப் புளிச்சுரும். நுவரெலியாக் குளிர்ல ரெண்டு மணி போதாது, அடுப்படியில வைங்க. கடைசியா மெல்லிய நெருப்பில கிண்டிக்கிட்டே நொறுங்குற வரைக்கும் காய வைங்க. 23 கிராம் அளவு மிஞ்சும். ஒரு கிலோ தேயிலைக்கு நாலு கிலோவுக்கு மேல கொழுந்து ஏன் போகுதுன்னு மகனே சொல்லிருவான்.

கம்பளைக்காரன்:
ரொம்ப நன்றி. அப்ப ஹோட்டன் சமவெளி வேணாமா? ஓடையில ஏதாவது செய்யலாமா?

ஊவாப்பக்கம்:
பார்க்க அருமையான இடம். மகாவலி, களனி, வளவை மூணுக்கும் அங்கதான் தலைநீர். ஆனா தேசிய பூங்கா, ஒரு இலை கூட எடுக்கக் கூடாது, வாசல்ல பொலித்தீனை வாங்கிருவாங்க. ஸ்டேசன்லயிருந்து வேன் பிடிக்கணும், பத்து மணிக்குள்ள மூடுபனி ஏறிடும். மூணு நாள்ல முழுசா ஒண்ணு போகும். இந்தத் தடவை விடுங்க.

ஓடைக்கு ஊவாப் பக்கம் போங்க, ஹட்டன் பக்கம் அட்டையும் திடீர் வெள்ளமும். நேராப் போற 10 மீட்டர் எடுத்து, தோடம்பழத் தோலை நடுவில மிதக்க விட்டு நேரம் பாருங்க, மூணு தடவை. அகலம் × சராசரி ஆழம் × வேகம் × 0.85 (தோல் காட்டுறது மேல்மட்ட வேகம், சராசரி அதைவிடக் குறைவு). உதாரணத்துக்கு 1.2 மீட்டர் அகலம், 0.2 ஆழம், செக்கனுக்கு 0.5 மீட்டர்னா செக்கனுக்குச் சுமார் 100 லீட்டர். அது 5 மீட்டர் விழுந்தா 5 கிலோவாட், பாதி வீணானாலும் ஒரு லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகள்) விளக்கெரியும். தோல் கல்லில மாட்டிட்டா அந்த அளவைச் சேர்க்காதீங்க. மேல மழை இருட்டினா, தண்ணி கலங்கினா உடனே கரையேறணும்.

கொழுந்துக்கூடை:
ஒண்ணு விட்டுப்போச்சு: குளவி. மலைக்குள்ள சென்ட் பூசிக்கிட்டு போகாதீங்க, கூச்சல் போட விடாதீங்க, பெரிய மரத்தில தொங்குற கூட்டுக்குக் கீழ நிக்காதீங்க. கலைஞ்சிட்டா கையால அடிக்காம முகத்தை மூடிக்கிட்டுப் பக்கத்துக் கட்டடத்துக்குள்ள ஓடுங்க.