ரங்கூன் நகர மையத்தின் உயர்ந்த கட்டடங்களும் ஓர் ஆச்சியின் வருகையும்

ரங்கூன் நகர மையத்தில் உயரமான கட்டடம் என்றதும் எங்கள் பகுதித் தமிழர்கள் முதலில் சொல்வது சக்குரா டவரையும், அதன் அருகே 1996இல் டிரேடர்ஸ் என்ற பெயரில் திறக்கப்பட்டு 2014இல் சூலே ஷாங்ரி-லா ஆன ஹோட்டலையும்தான். சக்குராவுக்கு இருபது மாடிகளே. சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வரும் உறவினர்கள் "இவ்வளவுதானா?" என்று கேட்பதுண்டு. இந்த நகரத்தில் உயரத்திற்கு அளவுகோல் ஷ்வேடகோன் பகோடா என்ற பௌத்தத் தூபி என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்வேன். குன்றின்மேல் ஏறத்தாழ 99 மீட்டர் உயரத்திற்கு எழும் அதனை எந்தக் கட்டடமும் மறைத்துவிடக் கூடாது என்ற எண்ணம் மக்களிடம் ஆழமானது. அதன் அருகே தொடங்கப்பட்ட பெரிய கட்டுமானத் திட்டங்களை 2015இல் அரசு ரத்து செய்ததும் அந்த எதிர்ப்பினால்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் காரைக்குடிப் பக்கத்திலிருந்து வயது முதிர்ந்த ஆச்சி ஒருவர் மகனுடன் வந்திருந்தார். அவருடைய தகப்பனார் இளமையில் மொகல் தெருவில் கிட்டங்கி எனப்படும் வணிகக் கூடத்துக் கடை ஒன்றில் கணக்கு எழுதியவர். இன்று ஷ்வேபோந்தா எனப்படும் அந்தத் தெருவில் நாங்கள் நடந்தபோது கடைகளும் நெரிசலும் தவிர அவருக்கு எதுவும் பிடிபடவில்லை. ஆகவே சக்குராவின் உச்சி மாடி உணவகத்திற்கு அழைத்துச் சென்றேன். 1852ஆம் ஆண்டுப் போருக்குப் பின் ஆங்கிலேயர் வகுத்த நேர்கோட்டுத் தெருக்கள் அங்கிருந்து பார்த்தால்தான் முழுமையாகப் புரியும். தெற்கே சூலே பகோடா, அதனருகே நகர மண்டபம், அதற்கப்பால் ஆறு, வலப்புறம் மொகல் தெரு, இன்னும் மேற்கே தமிழர்கள் எழுப்பிய காளி கோவில் இருக்கும் அனோரதா சாலை என்று ஒவ்வொன்றாகக் காட்டினேன்.

"கிட்டங்கியிலேர்ந்து ஆறு எட்டுற தூரந்தான்னு அப்பச்சி சொல்லுவாக. இப்பத்தான் விளங்குது" என்றார் ஆச்சி. பிறகு நெடுநேரம் சன்னலை விட்டு அவர் நகரவில்லை.

அடுத்து ஸ்ட்ராண்ட் ஹோட்டலைப் பார்க்க விரும்பினார். உயரத்தில் அது சிறியது. ஆனால் ஆற்றங்கரையில் அதற்கு இணையான கம்பீரம் வேறு எந்தக் கட்டடத்துக்கும் இல்லை என்பது என் கருத்து. சிங்கப்பூரின் ராஃபிள்ஸ் ஹோட்டலை நடத்திய சார்க்கீஸ் சகோதரர்கள் 1901இல் திறந்தது இது. வெள்ளையர் ஆட்சிக் காலத்தில் உள்ளூர் மக்களுக்கு அதில் இடமில்லை. இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானியர் வசம் சென்று, பின்னர் அரசுடைமையாகி, புதுப்பிக்கப்பட்டு 1993இல் மீண்டும் திறக்கப்பட்டது. தம் தகப்பனார் வாசலோடு கடந்து சென்றிருக்கக்கூடிய அந்தக் கூடத்தில் ஆச்சி அமர்ந்து தேநீர் அருந்தியதைக் கண்டபோது எனக்கு மனம் நிறைந்தது.

ஹோட்டல்களை மட்டும் பார்த்துத் திரும்புபவர்கள் நாங்கள் வாழும் உயரத்தையும் அறிந்துகொள்ள வேண்டும். நகர மையத்தின் குறுகலான தெருக்களில் ஆறு, ஏழு, எட்டு மாடிக் குடியிருப்புகள் பல. பெரும்பாலானவற்றில் மின்தூக்கி கிடையாது. மேல்மாடிகளிலிருந்து கயிறுகள் தொங்கும். அவற்றின் நுனியில் கவ்வி இருக்கும், சிலவற்றில் மணியும் இருக்கும். பத்திரிகைக்காரரோ கடைப்பையனோ கீழே மாட்டிவிட்டு இழுத்தால் மேலே மணி ஒலிக்கும். ஏற இறங்க முடியாத முதியவர்களுக்கு அந்தக் கயிறே பெரிய துணை. ஆச்சியை என் வீட்டுக்கு அழைக்க முடியாமல் போனதற்கும் அந்தப் படிகளே காரணம்.

இங்கு வர எண்ணுபவர்கள் மழைக்காலம் முடிந்து நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான மாதங்களில் வாருங்கள். உயரத்திலிருந்து பார்ப்பதற்கு மாலை நான்கு மணிக்கு மேல் ஏற்ற நேரம். மின்வெட்டு அடிக்கடி உண்டாதலால், முதியவர்களுடன் வருபவர்கள் தங்குமிடத்தில் ஜெனரேட்டர் மின்தூக்கிக்கும் சேர்த்து இயங்குமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். குடும்பத்தில் பழைய கடை முகவரி இருந்தால் அதையும் எழுதிக்கொண்டு வாருங்கள். தெருப் பெயர்கள் மாறிவிட்டாலும் இங்குள்ள பெரியவர்கள் இடத்தைக் கண்டுபிடித்துச் சொல்லிவிடுவார்கள்.