அண்ணாவின்ர வீட்டில வாடகைக்கு இருக்கிறன்: யூனிவர்சல் கிரெடிட்டில வாடகைக் காசு வருகுதில்லை

மல்லிகைப்பந்தல்:
வணக்கம். கிழக்கு லண்டனில இருக்கிறன். மனுசனும் நானும் பிரிஞ்ச பிறகு, பிள்ளையள் ரெண்டு பேரோட (மகனுக்கு 8, மகளுக்கு 5) அண்ணாவின்ர ரெண்டு அறை வீட்டுக்கு வந்திட்டன். அண்ணா குடும்பத்தோட வேற வீட்டில இருக்கிறார். இது அவர் முந்தியே வெளி ஆக்களுக்கு வாடகைக்கு விட்ட வீடு. மாசம் 1,300 பவுண் எண்டு எழுதிக் கையெழுத்தும் வைச்சனாங்கள். யூனிவர்சல் கிரெடிட்டில (வருமானம் குறைஞ்ச ஆக்களுக்கு அரசாங்கம் தாற உதவிக்காசு) எனக்கும் பிள்ளையளுக்கும் உள்ள காசு வருது, வாடகைப் பங்கு மட்டும் இல்லை. லேண்ட்லோட் நெருங்கிய உறவாம் எண்டு ஜேர்னலில (அவையோட எழுதிக் கதைக்கிற இணையப் பக்கம்) போட்டிருக்கினம். சொந்தக்காரரிட்ட வாடகைக்கு இருந்தால் கிடைக்கவே கிடைக்காதோ?

ஈஸ்ட்ஹாம்வாசி:
கிடைக்காது தங்கச்சி. என்ர மச்சாளுக்கும் இல்லையெண்டிட்டினம். வேற வீடு பாருங்கோ.

பனங்கொட்டை:
அவசரப்பட்டு வீடு மாறாதேங்கோ. நெருங்கிய உறவு உங்களோட அதே வீட்டில இருந்தால்தான் தரமாட்டினம். 2013ஆம் ஆண்டு யூனிவர்சல் கிரெடிட் விதிகளின்ர 2ஆவது அட்டவணையில இது இருக்கு. பெற்றோர், பிள்ளையள், கூடப்பிறந்தவை, துணையின்ர தாய் தேப்பன், மருமகன், மருமகள் (பிள்ளையளைக் கட்டினவை), இவையின்ர துணை எல்லாரும் அந்தக் கணக்கில வருவினம். அதால அண்ணியும் வருவா. சித்தப்பா, பெரியம்மா, ஒண்டுவிட்ட சகோதரங்கள் வரமாட்டினம். ஈஸ்ட்ஹாம்வாசி, உங்கட மச்சாள் தாய் தேப்பனோட ஒரே வீட்டிலயோ இருந்தவ?

இன்னொண்டு, பெனிபிட் எடுக்கவெண்டே போட்ட ஒப்பந்தம் எண்டு பட்டாலும் மறுப்பினம். தங்கச்சி, கவுன்சில் டாக்ஸ் (கவுன்சிலுக்குக் கட்டுற வீட்டு வரி) ஆற்ற பேரில? அண்ணாவுக்கு அங்க கடிதம் வருதோ? வாடகையை எப்பிடிக் குடுக்கிறியள்?

ஈஸ்ட்ஹாம்வாசி:
ஓம், தாய் தேப்பனோடதான் இருந்தவ.

மல்லிகைப்பந்தல்:
கவுன்சில் டாக்ஸ் அண்ணாவின்ர பேரிலதான். அவரின்ர பாங்க் கடிதங்களும் இங்கதான் வந்து விழும், சேர்த்து வைச்சு ஞாயிற்றுக்கிழமை குடுப்பன். முதல் மாச வாடகை கையில குடுத்தன், பிறகு ஏலேல்லை. யூனிவர்சல் கிரெடிட் ஆக்கள் அண்ணாவுக்குப் போன் எடுத்து, வாடகை தராட்டில் என்ன செய்வீங்கள் எண்டு கேட்டவையாம். "தங்கச்சியை றோட்டிலயே விடுறது? இருக்கேக்க தரட்டும்" எண்டிட்டார்.

பனங்கொட்டை:
தங்கமான மனுசன். ஆனால் அவைக்கு அது வாடகை கட்டாயமில்லை எண்டுதான் கேட்டிருக்கும். கடிதங்களையும் டாக்ஸையும் பார்த்து, அவரும் அங்கதான் இருக்கிறார் எண்டு நினைச்சிருப்பினம்.

முடிவு வந்த திகதியில இருந்து ஒரு மாசத்துக்குள்ள, திரும்பப் பார்க்கச் சொல்லி ஜேர்னலில எழுதுங்கோ (மாண்டேட்டரி றீகன்சிடறேஷன்). அண்ணா இருக்கிற வீட்டின்ர கவுன்சில் டாக்ஸ் பில்லையும் முந்தி இருந்த ஆக்களின்ர ஒப்பந்தத்தையும் சேர்த்துக் குடுங்கோ. அண்ணாவிட்ட ஒரு கடிதமும் வாங்குங்கோ: கட்டாத வாடகை கடனாத்தான் நிக்குதோ, இல்லை விட்டுக் குடுத்திட்டாரோ? உள்ளதை உள்ளபடி எழுதட்டும். பழைய திகதி போட்டு றிசீற் மட்டும் எழுதிப்போடாதேங்கோ, அது மோசடிக் கேஸ் ஆயிடும். திரும்பப் பார்த்தும் முடிவு மாறேல்லையெண்டால் ட்ரைபியூனல் (மேன்முறையீட்டு மன்றம்) இருக்கு, அதுக்குக் காசில்லை.

கவுன்சில் டாக்ஸை உங்கட பேருக்கு மாத்துங்கோ. பெரிய ஆள் நீங்கள் ஒராள்தான் எண்டால் 25% கழிவு. வருமானம் குறைஞ்ச ஆக்களுக்கு உள்ள கழிவு யூனிவர்சல் கிரெடிட்டோட தன்பாட்டில வராது, கவுன்சிலிட்ட தனியா விண்ணப்பிக்க வேணும்.

பிள்ளையள் ரெண்டு பேரும் 10 வயசுக்குக் கீழ எண்டபடியால் அவைக்கு ஒரு அறைதான் கணக்கு. உங்கட இடத்தில ரெண்டு அறைக்கு உள்ள எல்.எச்.ஏ. தொகை (வாடகைப் பங்குக்கு இடத்துக்கு இடம் வைச்சிருக்கிற உச்ச அளவு) எவ்வளவு எண்டு பாருங்கோ, அதுக்கு மேல வராது.

சாவகச்சேரியான்:
வீட்டில மோட்கேஜ் இருந்தால், குடும்பத்து ஆக்களுக்கு வாடகைக்கு விடலாமோ எண்டு அண்ணாவைப் பார்க்கச் சொல்லுங்கோ. சில பாங்க் விடாது.

மல்லிகைப்பந்தல்:
பெரிய உதவி. வாடகைக் காசை நேர அண்ணாவின்ர கணக்குக்கே போடச் சொல்லலாமோ?

பனங்கொட்டை:
ரெண்டு மாச வாடகை நிலுவை இருந்தால் கேக்கலாம். ஆனால் முதல் உங்கட கணக்குக்கு வரட்டும். ஒவ்வொரு மாசமும் ஒரே திகதியில அங்கயிருந்து அண்ணாவுக்குப் போனால், பிறகு ஆர் கேட்டாலும் ஸ்டேட்மென்டைக் காட்டலாம்.