புதுப்பிப்பு: அமெரிக்கக் கடலோரக் காவல்படை அகாடமி, விருப்ப நேர்காணல்

நேர்காணல் கட்டாயமில்லை என்றால் மகள் போக வேண்டுமா என்று அக்டோபரில் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. இடம் கிடைத்துவிட்டது!

"விருப்பம் என்று போட்டிருந்தாலும் போகச் சொல்லுங்கள்" என்றவரின் யோசனையைத்தான் கேட்டோம். அதனால்தான் கிடைத்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அன்னபோலிஸில் உள்ள கடற்படை அகாடமிக்கு அமெரிக்க நாடாளுமன்ற (காங்கிரஸ்) உறுப்பினரின் பரிந்துரை வேண்டும்; இந்த அகாடமிக்கு அது தேவையில்லை. அதனால் விண்ணப்பமே பேச வேண்டும். பட்டத்துக்குப் பிறகு 5 ஆண்டுப் பணி கட்டாயம். நேர்காணலில் அதைப் பற்றித்தான் அதிகம் கேட்டார்களாம். அப்புறம் ஒன்று: எதிர்பாராமல் இழுத்தடித்தது மருத்துவப் பரிசோதனைதான். சிறுவயது ஆஸ்துமாவுக்கு விலக்கு வாங்க வேண்டியிருந்தது. பழைய மருத்துவக் குறிப்புகளை முன்கூட்டியே எடுத்து வையுங்கள்.