24 மணி நேர யூரின் ஆக்சலேட் டெஸ்ட்: முதல் யூரினையும் கேனில் ஊற்றிவிட்டேன், செல்லுமா?

கல்லுக்காரன், காரைக்குடி
மூன்று வருடத்தில் இரண்டாவது தடவை கிட்னிக் கல். வெளியே வந்த கல்லைச் சோதித்ததில் கால்சியம் ஆக்சலேட் (கால்சியமும், கீரை மாதிரிச் சாப்பாட்டில் இருக்கும் ஆக்சலேட்டும் சேர்ந்து உண்டாகும் கல்) என்று வந்ததால், 24 மணி நேர யூரினில் ஆக்சலேட் பார்க்கச் சொன்னார் டாக்டர். லேபில் கொடுத்த 5 லிட்டர் கேனின் அடியில் ஏதோ கொஞ்சம் திரவம், மூடியைத் திறந்தாலே மூக்கில் சுருக்கென்று ஏறுகிறது. இன்று காலை எழுந்ததும் போனதையும் அதில் ஊற்றிவிட்டுத்தான் சீட்டைப் படித்தேன். மறுபடி முதலிலிருந்தா? அப்புறம், தினமும் வைட்டமின் சி மாத்திரை போடுகிறேன், சொல்ல வேண்டுமா?

லேப் அக்கா, தேவகோட்டை
மறுபடிதான் தம்பி, வேறு கேன் வாங்கிக்கொள். எழுந்ததும் போவது ராத்திரி முழுக்கச் சேர்ந்தது, அது முந்தின நாள் கணக்கு. அதை வெளியே விட்டுவிட்டு மணியைக் குறித்துக்கொள், அடுத்ததிலிருந்து மறுநாள் அதே நேரம் போவது வரைக்கும் சொட்டு விடாமல் சேர்க்க வேண்டும். ஒரு தடவை மறந்தாலும் அளவு குறைத்துக் காட்டும். கிரியேட்டினின் என்கிற கழிவு ஒருவருக்குத் தினமும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் யூரினில் வரும், கூடவே அதைப் பார்ப்பதே அந்தக் குட்டை உடைக்கத்தான்.

அடியில் இருப்பது ஆசிட், கழுவிக் கொட்டிவிடாதே. ஆக்சலேட் படிகமாகி அடியில் தங்காமல் இருக்கத்தான் அது. நேராகக் கேனில் போகாமல் மக்கில் பிடித்து மெதுவாக ஊற்று, மேலே தெறித்தால் புண்ணாகிவிடும். வைட்டமின் சி-யை அவசியம் சொல், உடம்பில் அது ஆக்சலேட்டாக மாறும். எத்தனை நாள் நிறுத்துவது என்று டாக்டர் சொல்வார்.

பள்ளத்தூர் வாசி
நான் செய்த கூத்தைக் கேளுங்கள். டெஸ்டுக்கு முன்னால் ஒரு வாரம் கீரை, பாதாம், டீ எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு வாழைத்தண்டுச் சாறும் தயிர்ச்சோறுமாக இருந்தேன். ரிப்போர்ட்டில் 28 மில்லிகிராம், எனக்கு ஒரே சந்தோஷம். டாக்டர் சிரித்துவிட்டு, வழக்கம்போலச் சாப்பிட்டு இன்னொரு முறை எடுக்கச் சொன்னார், 58 வந்தது. ஒரு நாளைக்கு 40, 45-க்குள் இருக்க வேண்டுமாம். பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி இதற்குத் தயாராகக் கூடாது.

இன்னொன்று, கல் கால்சியம்தானே என்று தயிரை விட்டுவிடாதீர்கள். கீரையோடு தயிரும் சேர்ந்து போனால் ஆக்சலேட்டைக் குடலிலேயே கால்சியம் பிடித்துக்கொள்ளும், யூரினுக்கு வருவது குறையும்.

கல்லுக்காரன், காரைக்குடி
நன்றி அக்கா, அண்ணே. கேனை ஃபிரிட்ஜில் மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன், அப்பத்தா "நன்னாரி சர்பத்தா அப்பு?" என்று கேட்டுவிட்டார். இந்த வாரம் கல்யாண வீடு, பந்திச் சாப்பாடு வேறு, மண்டபத்துக்கு மக்கைத் தூக்கிக்கொண்டு போகவும் முடியாது. அடுத்த ஞாயிறு காலை ஆரம்பித்துத் திங்கட்கிழமை கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறேன்.

லேப் அக்கா, தேவகோட்டை
கேன் மேல் பெரிதாக எழுதி ஒட்டு தம்பி, உள்ளே ஆசிட் இருக்கிறது.