மறு: ‘அருநிகழ்வுப் பரவல்’ என்ற பெயர் சரிதானா?

நண்பர்களே,

பாய்சான் பரவலுக்கு (ஒரு குறிப்பிட்ட நேரத்திலோ இடத்திலோ ஒரு நிகழ்வு எத்தனை முறை நடக்கும் என்பதன் நிகழ்தகவைச் சொல்லும் சூத்திரம்) ‘அருநிகழ்வுப் பரவல்’ என்று பெயர் வைக்கலாம் என்ற யோசனை காதுக்கு இதமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ‘அரு’ எனக்கு இடிக்கிறது. ‘அரு’ என்றால் உருவமற்றது என்றும் பொருள் உண்டே என்று ஒருவர் கேட்டிருந்தார். அதை விடுங்கள், பழகினால் சரியாகிவிடும். கணக்கே இடிக்கிறது என்பதுதான் என் சிக்கல்.

‘அரிய நிகழ்வு’ என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்று தெரியும். 1898-இல் புள்ளியியலாளர் போர்ட்கீவிச் தம் நூலில் காட்டிய பிரஷ்யக் குதிரைப்படைக் கணக்குதான் காரணம். 10 படைப்பிரிவுகள், 20 ஆண்டுகள், ஒரு பிரிவின் ஓராண்டுக் கணக்கு ஒரு வரிசை, ஆக 200 வரிசைகள். குதிரை உதைத்து இறந்த வீரர்கள் மொத்தம் 122 பேர், வரிசைக்குச் சராசரி 0.61. ஒருவர்கூட இறக்காத வரிசைகள் 109. பாய்சான் சூத்திரம் சொல்வது 108.7. ஒருவர் இறந்தவை 65, சூத்திரப்படி 66.3. இருவர் இறந்தவை 22, சூத்திரப்படி 20.2. இவ்வளவு அழகாகப் பொருந்தியதால் பாடநூல்கள் எல்லாம் இதையே எடுத்துக்கொண்டன, ‘அரிதாக நடப்பது’ என்ற விளக்கமும் கூடவே ஒட்டிக்கொண்டது.

சரி, 1910-இல் இயற்பியலாளர்கள் ரதர்ஃபோர்டும் கைகரும் எண்ணியதைப் பாருங்கள். கதிரியக்கத்தில் வெளிவரும் ஆல்ஃபா துகள்களை 7.5 நொடிக்கு ஒரு முறை என்று 2608 முறை எண்ணினார்கள். 7.5 நொடிக்குச் சராசரி 3.87 துகள்கள். இதை அரிய நிகழ்வு என்று யார் சொல்வார்கள்? ஆனாலும் அச்சு அசலாகப் பாய்சான் பரவல்தான்.

அரிதாக இருப்பது நிகழ்வு அல்ல, ஒரு தனி அணு அந்த நேரத்திற்குள் சிதைவதற்கான வாய்ப்பு. அணுக்களோ கணக்கில் அடங்காதவை. முயற்சிகள் எக்கச்சக்கம், ஒவ்வொன்றும் பலிப்பது அபூர்வம். இரண்டையும் பெருக்கினால் கையடக்கமான ஓர் எண். ஈருறுப்புப் பரவல் (இத்தனை முயற்சிகளில் எத்தனை பலிக்கும் என்று சொல்வது) இந்த இடத்தில்தான் பாய்சானாக மாறுகிறது. 1000 முயற்சி, ஒவ்வொன்றும் பலிக்க நிகழ்தகவு 0.002 என்றால், ஒன்றுகூடப் பலிக்காமல் போவதற்கு ஈருறுப்பு தரும் விடை 0.1351, பாய்சான் தரும் விடை 0.1353. வேறுபாடு நான்காம் தசம இடத்தில்தான்.

அதனால் பரவலின் பெயரை அப்படியே விட்டுவிடுவோம் என்கிறேன். பாய்சான் என்ற பிரெஞ்சுக் கணிதவியலாளர் இதை 1837-இல் எழுதினார். ஒரு நூற்றாண்டுக்கு மேல் முன்னதாகவே, 1711-இல், தெ மோய்வர் என்ற கணிதவியலாளர் இதைத் தொட்டுவிட்டார் என்பதும் உண்மை. ஆனால் உலகம் முழுவதும் வழங்கும் ஆள்பெயரைப் பெயர்த்து என்ன பயன்? (பிரெஞ்சில் அந்தப் பெயருக்கு ‘மீன்’ என்று பொருள். மொழிபெயர்த்தே தீருவோம் என்பவர்கள் மீன் பரவல் என்று வைத்துக்கொள்ளட்டும்.) பரவலா பரம்பலா என்ற சண்டைக்குள்ளும் நான் வரவில்லை. இலங்கையில் பரம்பல், இங்கே பரவல், இரண்டும் எல்லோருக்கும் புரிகிறது.

கலைச்சொல் வேண்டியது வேறோர் இடத்தில். மாணவர்கள் சூத்திரத்தைத் தலைகீழாக ஒப்பிப்பார்கள், எங்கே பயன்படுத்துவது என்றுதான் தெரியாது. கணக்கில் ‘சராசரியாக’ என்ற சொல்லைக் கண்டதும் பாய்சானைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். எப்படிப்பட்ட நிகழ்வுகளுக்கு இது பொருந்தும் என்பதற்கு நம்மிடம் ஒரு சொல் இல்லை. ‘சாரா நிகழ்ச்சிகள்’ (ஒன்று நடப்பது மற்றதைப் பாதிக்காதவை) இருக்கிறதே என்பீர்கள். நாணயம் சுண்டுவதும் சாரா நிகழ்ச்சிதான், ஆனால் பத்து முறை சுண்டிப் பூ விழுவதை எண்ணினால் அது பாய்சான் ஆகாது. ஒன்றை ஒன்று பாதிக்காமல், சீரான வீதத்தில், ஒரே கணத்தில் இரண்டு சேர்ந்து வராமல், எங்கு வேண்டுமானாலும் சிந்திக் கிடப்பவை வேண்டும்.

என் பரிந்துரை: உதிரி நிகழ்வு.

உதிரிப்பூ என்றால் கோக்காத பூ. ஒன்றை இழுத்தால் இன்னொன்று கூட வராது. அந்த ஒரு படிமத்திலேயே பாதிப் பாடம் முடிந்துவிடுகிறது. உதிரி பாகம் என்ற பொருள் குறுக்கே வருமே என்று ஒருவர் தயங்கியிருந்தார். பக்கத்தில் ‘நிகழ்வு’ இருக்கும்போது யாருக்கும் வாகன நினைப்பு வராது என்றுதான் நினைக்கிறேன். எதிர்ச்சொல்லும் தானாகக் கிடைக்கிறது: கொத்து நிகழ்வு. ஓர் அறையில் ஒரு மணி நேரத்தில் எத்தனை கொட்டாவி என்று எண்ணினால் அது கொத்து, ஏனென்றால் ஒருவர் விட்டால் அடுத்தவரும் விடுவார்.

சொல் வேலை செய்கிறதா என்று ஒரு கணக்கில் போட்டுப் பார்ப்போம். 200 பக்க நூலில் 300 அச்சுப்பிழைகள். பிழையே இல்லாத பக்கங்கள் எத்தனை? பக்கத்துக்குச் சராசரி 1.5. உதிரி நிகழ்வு என்று கொண்டால், ஒரு பக்கத்தில் பிழை இல்லாமல் இருக்க நிகழ்தகவு 0.223, அதாவது சுமார் 45 பக்கங்கள். பக்கத்துக்கு ஒன்றரைப் பிழை இருக்கும்போது இத்தனை சுத்தமான பக்கங்களா என்று கேட்டு வியக்காத மாணவரை நான் பார்த்ததில்லை. அடுத்தடுத்த இரண்டு பக்கங்களும் சுத்தமாக இருக்க? சராசரியை 3 ஆக்க வேண்டும், விடை 0.05. இங்கேதான் பலர் வழுக்குவார்கள், 1.5-ஐயே வைத்துக்கொண்டு. எனவே லாம்டாவை (சூத்திரத்தில் சராசரியைக் குறிக்கும் எழுத்து) வெறுமனே ‘வீதம்’ என்று எழுத வேண்டாம். வீதம் பக்கத்துக்கு 1.5, லாம்டா என்பது நாம் எடுத்துக்கொண்ட அளவுக்கு எதிர்பார்க்கும் எண்ணிக்கை.

இப்போது அதே நூலில் ஓர் அத்தியாயத்தைத் தட்டச்சு செய்தவர் நள்ளிரவில் தூங்கி வழிந்துகொண்டே செய்தார் என்று வையுங்கள். பிழைகள் அங்கே கொத்தாக விழும், மற்ற பக்கங்கள் பளிச்சென்று இருக்கும். மொத்தம் அதே 300தான், ஆனால் சுத்தமான பக்கங்கள் 45-ஐத் தாண்டிவிடும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, பரவற்படியை (எண்ணிக்கைகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்பதன் அளவு) சராசரியோடு ஒப்பிடுவது. உதிரி என்றால் இரண்டும் ஏறக்குறைய சமம். குதிரைக் கணக்கில் சராசரி 0.61, பரவற்படி 0.608. கொத்து என்றால் பரவற்படி எகிறும்.

ஒன்றில் மட்டும் எனக்கே தெளிவில்லை. பாடநூல்களில் ‘நிகழ்ச்சி’ நிலைத்துவிட்டது, எனக்கோ ‘நிகழ்வு’தான் வாயில் வருகிறது. உதிரி நிகழ்ச்சி என்றால் ஏதோ மேடையில் நடப்பது போலிருக்கிறது. உங்களுக்கும் அப்படித்தானா?