கள்ளிமுளையானும் முயல் கொம்பும்

காங்கேயம் பக்கம் எங்கள் அம்மாயி, அதாவது அம்மாவைப் பெற்றவர், ஊரில் கொறங்காடு என்கிற மேய்ச்சல் காட்டைச் சுற்றிக் கிளுவை மர வேலிதான். எனக்கு எட்டு வயசிருக்கும். ஆட்டை ஓட்டிக்கொண்டு போன இடத்தில் அம்மாயி வேலி அடியில் கையை விட்டு, விரல் நீளத்துக்கு ஒரு பச்சைக் குச்சியை ஒடித்தார். இலையே கிடையாது. நாலு பட்டையாக, நுனி போகப் போகச் சிறுத்திருந்தது.

“பால் வருதான்னு பாரு கண்ணு. வந்தா அது கள்ளி, வாயில வெச்சுராத.”

தண்ணீர்தான் கசிந்தது. ஓரத்து நாரை நகத்தால் உரித்துக் கொடுத்தார். லேசான புளிப்பு, பின்னாலேயே கசப்பு, அப்புறம் வாயெல்லாம் ஈரம். மத்தியானம் வரை தாகமே எடுக்கவில்லை. கள்ளிமுளையான் என்ற பேரை அன்றுதான் கேட்டேன். பேரில் கள்ளி இருந்தாலும் இது எருக்கின் குடும்பம்.

பல வருஷம் கழித்து வேலைக்காக ஆந்திராவில் சித்தூர் பக்கம் போயிருந்தேன். குன்றில் ஆடு மேய்த்த பெரியவர் அதே செடியைக் காட்டி, ‘குந்தேட்டி கொம்முலு’ என்றார். முயல் கொம்பு! இல்லவே இல்லாத ஒன்றுக்கு நாம் சொல்லும் பேர் அங்கே பாறை இடுக்கில் கொத்துக் கொத்தாக முளைத்துக் கிடந்தது. மேல்நோக்கி வளைந்த நுனிகளைப் பார்த்தால் பொருத்தமான பேர்தான்.

தெலுங்கில் இன்னொரு பேரும் உண்டு. 1795இல் கோரமண்டல் கரை, அதாவது சோழமண்டலக் கரைச் செடிகளைப் பதிவு செய்த தாவரவியலாளர் ராக்ஸ்பரோ குறித்து வைத்த பேர் அது. அதை வைத்துத்தான் பின்னாளில் இன்னொரு தாவரவியலாளர் ராபர்ட் பிரவுன் இந்தச் செடி சேர்ந்த பேரினத்துக்குக் ‘காரலுமா’ என்று பெயரிட்டார். ஊர் மக்கள் வாயில் புழங்கிய சொல் உலகத் தாவரவியலுக்கே போயிருப்பதில் எனக்குத் தனிச் சந்தோஷம்.

துவையலுக்கு நாரை உரித்து, நறுக்கி, நல்லெண்ணெயில் வதக்கி, உளுந்து, வரமிளகாய், புளியோடு அரைக்க வேண்டும். பசி மந்தித்த பிள்ளைகளுக்கு அம்மாயி இதைத்தான் கொடுப்பார். பறிக்கிறவர்கள் தயவுசெய்து நுனியை மட்டும் ஒடியுங்கள். வேரோடு பிடுங்கினால் அந்தக் கொத்தே போய்விடும்.

அம்மாயி காட்டில் இப்போது கம்பிவேலி. கிளுவை போனதும் அதன் நிழலில் இருந்ததும் போய்விட்டது. பக்கத்துக் காட்டில் கேட்டு வாங்கிய நாலு குச்சி என் மொட்டைமாடித் தொட்டியில் வேர் பிடித்திருக்கிறது. போன மாதம் பூத்தது. கருஞ்சிவப்பு நட்சத்திரம், இதழோரத்தில் காற்றுக்கு நடுங்கும் மெல்லிய முடி. கிட்டே குனிந்தால் அழுகல் வாடை. அதற்காகவே ஒரு ஈ வந்து உட்கார்ந்திருந்தது.